டே கேரில் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? டயப்பர் மாற்றுவதும் பாடம்தான்... எப்படி?

பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். எப்படிக் கணக்குப் போட்டாலும், குழந்தை குப்புற விழுந்து, உட்காரப் பழகும் நேரத்தில் அம்மா மறுபடி ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தாக வேண்டும். பள்ளியில் சேர்க்க மூன்று வயதாவது ஆக வேண்டும். நடுவில் இரண்டரை வருஷம் இருக்கிறது.

"ஊர்ல இருந்து அம்மாவை வரச் சொல்லலாமா?", "வீட்டோட ஆள் வைக்கலாமா?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, பல வீடுகளில் கடைசியாக வந்து நிற்கும் இடம் டே கேர். அங்கே போய் விசாரிக்கும்போது பெற்றோர் கேட்கும் கேள்விகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்: "ஏசி இருக்கா? சிசிடிவி இருக்கா? என்ன சொல்லிக் கொடுப்பீங்க?"

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. ஆனால், அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ரைம்ஸ், கலர்ஸ், ஏ டு இசட் என்ற பட்டியலாகத்தான் இருக்கும். ஆறு மாதக் குழந்தையும் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்மையில் கற்றுக்கொள்வது அந்தப் பட்டியலில் இருக்காது. அது எங்கே நடக்கிறது, அதற்கு என்ன தேவை, சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கிரெச், ப்ளே ஸ்கூல், அங்கன்வாடி: என்ன வித்தியாசம்?

மூன்றையும் ஒன்றாகச் சொல்வது வழக்கம். ஆனால், மூன்றின் வேலையும் வேறு.

கிரெச் அல்லது டே கேர் என்பது பெற்றோர் வேலைக்குப் போகும் முழு நேரமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம். பொதுவாக 6 மாதம் முதல் 6 வயது வரை. அரசு ஆவணங்களில் இதன் பெயர் 'குழந்தைகள் காப்பகம்'. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் குழந்தையை விட்டுச் செல்லும் இடத்துக்கு 'பிள்ளை மடுவம்' என்றே பெயர். ஆக, ஐடி கம்பெனிகள் வந்த பிறகு வந்த பழக்கம் இல்லை இது.

ப்ளே ஸ்கூல் என்பது பள்ளிக்கு முந்தைய சில மணி நேர வகுப்பு. தமிழ்நாட்டில் இவற்றுக்கென 2015-ல் தனி நெறிமுறைத் தொகுப்பு வந்தது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடும் ப்ளே ஸ்கூல், மாலை வரை வேலை பார்ப்பவர்களுக்குப் பாதித் தீர்வுதான். அதனால் பல இடங்களில் ஒரே கட்டடத்தில் காலையில் ப்ளே ஸ்கூல், மதியத்துக்கு மேல் டே கேர் என்று நடத்துகிறார்கள்.

அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் வருவது. நம் ஊரில் இன்னும் 'பால்வாடி' என்று சொல்பவர்களும் உண்டு. சத்துணவு, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு வழிகாட்டல், முன்பருவக் கல்வி எல்லாம் இங்கே சேர்ந்து நடக்கும். ஆனால், முழு நாள் காப்பகமாக அது வடிவமைக்கப்படவில்லை. சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சத்துமாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதுதான் நடைமுறை.

அதாவது, ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையான காலத்துக்குத்தான் இங்கே இடம் குறைவு. கற்றல் மிக வேகமாக நடப்பதும் அந்தக் காலத்தில்தான்.

'பார்த்துக்கொள்வது' வேறு, 'கற்றுக்கொடுப்பது' வேறா?

இல்லை. பிரச்சினையே இந்த இரண்டையும் தனித்தனியாக நினைப்பதில்தான் ஆரம்பிக்கிறது. 'ஆயா பார்த்துக்குவாங்க, மிஸ் சொல்லிக் கொடுப்பாங்க' என்ற பிரிவினை பெரிய குழந்தைகளுக்கு ஓரளவு பொருந்தலாம். மூன்று வயதுக்குக் கீழே பொருந்தாது.

ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் நடந்துவிடுகிறது என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 குறிப்பிடுகிறது. அந்த வளர்ச்சி எதனால் நடக்கிறது என்று கேட்டால், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் ஒரு எளிய விளக்கம் வைத்திருக்கிறது. டென்னிஸில் ஒருவர் பந்தை அடிக்க, இன்னொருவர் திருப்பி அடிப்பது போன்ற கொடுக்கல் வாங்கல். குழந்தை 'ங்கா' என்கிறது, பெரியவர் அதன் கண்ணைப் பார்த்து 'ங்கா' என்கிறார். குழந்தை மின்விசிறியைக் கை காட்டுகிறது, பெரியவர் "ஃபேன் சுத்துதா?" என்கிறார். குழந்தை அனுப்பியதற்குப் பதில் வந்தது. அடுத்த முறை குழந்தை இன்னும் கொஞ்சம் நீளமாக அனுப்பும்.

மொழி, கவனம், 'நான் கூப்பிட்டா யாராவது வருவாங்க' என்ற நம்பிக்கை எல்லாம் இந்த ஆட்டத்திலிருந்துதான் வளர்கின்றன. இதற்கு வகுப்பறை தேவையில்லை. பதில் கொடுக்க ஓர் ஆள் தேவை.

இதை நடைமுறையில் செய்து காட்டியவர்களில் ஒருவர் ஹங்கேரியைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர். 1946 முதல் புடாபெஸ்ட் நகரில் லோட்சி தெருவில் இருந்த குழந்தைகள் இல்லத்தை நடத்தினார். துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது ஆகிய நேரங்களைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய வேலையாகப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய அணுகுமுறை. "இப்போ உன் கையைத் தூக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தை தானே கையைத் தூக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் இங்கே பாடம்.

நல்ல டே கேரில் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை வருகை: அழுகை இருக்கும். "சீக்கிரம் கிளம்புங்க, நீங்க போனா சரியாயிடும்" என்று அம்மாவை அவசரப்படுத்தும் இடமும் உண்டு. குழந்தையைக் கையில் வாங்கி, "அம்மா சாயங்காலம் வருவாங்க, டாட்டா சொல்லலாமா?" என்று விடை கொடுக்க வைக்கும் இடமும் உண்டு. சொல்லாமல் நழுவிப் போவது அந்த நிமிடத்துக்கு வசதி. ஆனால், அம்மா எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகலாம் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வந்தால், பிரிவுக்கு ஒரு முடிவு இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும்.

டயப்பர்: இதுதான் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் முழுதாகக் கிடைக்கும் அரிதான நேரம். முகத்துக்கு நேராக முகம். காலைத் தூக்கும்போது "கால் எங்க? இதோ!" என்றால் உடல் உறுப்பின் பெயர், முன்பின் வரிசை, சிரிப்பு மூன்றும் ஒரே நிமிடத்தில் கிடைத்துவிடும். பேசாமல், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாற்றினால் டயப்பர் மட்டும் மாறும்.

சாப்பாடு: பத்துப் பேரை வரிசையாக உட்கார வைத்து ஒரே கிண்ணத்திலிருந்து வாய் வாயாக ஊட்டினால் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். குழந்தையே பருப்புச் சாதத்தைக் கையால் பிசைந்து, பாதியைத் தரையில் சிந்தி, மீதியை வாயில் வைத்தால் அரை மணி நேரம் ஆகும். இரண்டாவதில் விரல்களுக்குப் பயிற்சி இருக்கிறது. வயிறு நிறைந்துவிட்டது என்று தானே உணரும் பழக்கம் இருக்கிறது. சிந்தியதைத் துடைக்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

தூக்கம்: உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். பகலில் தூங்கும் குழந்தை 'சும்மா கிடக்கிறது' என்று அர்த்தம் இல்லை. கைக்குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா, தூங்கும் அறையில் ஒருவர் கண் விழித்து இருக்கிறாரா என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது.

விளையாட்டு: விலை கூடிய பொம்மை தேவையில்லை. மரக்கட்டை, சொப்புச் சாமான், மூடி போட்ட டப்பா, தண்ணீர், மணல், துணி போதும். டப்பாவுக்குள் போடுவது, எடுப்பது, திரும்பப் போடுவது என்று ஒன்றரை வயதுக் குழந்தை இருபது தடவை செய்யும். பெரியவர்களுக்கு அலுப்பாக இருக்கும். குழந்தைக்கு அது உள்ளே, வெளியே, காலி, நிறைய என்ற கணக்கு.

திரை: அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல், ஒரு வயதுக் குழந்தைக்கு உட்கார வைத்துத் திரை காட்டவே வேண்டாம் என்கிறது. 2 முதல் 4 வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. வீட்டில் போன் கொடுக்கும் நேரமும் இதில் சேரும் என்பதால், டே கேர் டிவியில் மணிக்கணக்கில் ரைம்ஸ் ஓடுவதற்கு இடமே இல்லை. திரையில் பாடும் கரடி, குழந்தை கை காட்டினால் பதில் சொல்லாது.

700 நிமிடக் கணக்கு

இவ்வளவும் நடக்க எத்தனை பேர் வேண்டும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் ஒரு குழந்தைக்கு நாளுக்கு ஐந்து முறை டயப்பர் மாற்ற, முறைக்கு 5 நிமிடம் என்று வைத்தால் 25 நிமிடம். மூன்று வேளை ஊட்ட, வேளைக்கு 15 நிமிடம் என்றால் 45 நிமிடம். மொத்தம் 70 நிமிடம். பத்துக் குழந்தைகளுக்கு 700 நிமிடம்.

காலை 9 முதல் மாலை 6 வரை மொத்தமே 540 நிமிடங்கள்தான். ஒருவரால் முடியாது. உதவியாளர் ஒருவரைச் சேர்த்தால் 1,080 நிமிடம். அதில் 700 போக மிச்சம் 380. அதற்குள் அழும் குழந்தையைத் தூக்க வேண்டும், தூங்க வைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், தரை துடைக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் சாப்பிடவும் வேண்டும். விளையாட்டுக்கும் பேச்சுக்கும் நேரம் எங்கே?

இதே கணக்கை மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் என்று போட்டால், 210 நிமிடம் போக 330 நிமிடம் மிச்சம் இருக்கும்.

இந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த 70 நிமிடமும் ஒரு பெரியவர் ஒரே குழந்தையோடு இருக்கும் நேரம். அவசரம் இல்லாமல் பேசிக்கொண்டே செய்தால், எந்த 'ஆக்டிவிட்டி கிளாஸ்' தருவதையும்விட அதிகமான தனிக்கவனம் குழந்தைக்கு அங்கேயே கிடைத்துவிடும். அவசரம் வருவது ஆள் குறைவாக இருக்கும்போதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் திருத்தப்பட்ட பேறுகாலப் பலன் சட்டம் முக்கியமான இரண்டு விஷயங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. இரண்டு, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களில் கிரெச் வசதி கட்டாயம். அந்த 50-ல் ஆண்களும் அடக்கம். குழந்தையைப் பார்க்க அம்மாவுக்கு நாளுக்கு நான்கு முறை அனுமதி தர வேண்டும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த 50 பேர் விதியும் நான்கு முறை விதியும் தொடர்கின்றன. தனியாக நடத்த முடியாத நிறுவனங்கள் பொதுவான கிரெச்சைப் பயன்படுத்திக்கொள்ளவும் வழி உண்டு.

கிரெச் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-ல் குறைந்தபட்ச வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒரு குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி இடம் வேண்டும். கிரெச்சுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் 10 குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர், மூன்று வயதுக்கு மேல் 20 குழந்தைகளுக்கு ஒருவர், கூடவே ஓர் உதவியாளர். தற்காலிகப் பணியாளர், தினக்கூலி, ஒப்பந்த ஊழியர்களின் குழந்தைகளுக்கும் இது பொருந்த வேண்டும் என்றும் அந்த நெறிமுறைகள் சொல்கின்றன.

ஒப்பீட்டுக்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் என்பது விதி. இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நான்குக்கு ஒருவர் என்று இருந்ததை 2023 செப்டம்பரில் ஐந்துக்கு ஒருவர் என்று மாற்றினார்கள். அந்த ஒரு குழந்தை வித்தியாசத்துக்கே அங்கே பெரிய எதிர்ப்பு வந்தது. நம் நெறிமுறையில் ஆறு மாதக் குழந்தையும் இரண்டரை வயதுக் குழந்தையும் ஒரே கணக்கில், பத்துக்கு ஒருவர் என்று வருகின்றன. தவழும் குழந்தைக்கும் ஓடும் குழந்தைக்கும் தேவை வேறு என்பது இந்த எண்ணில் தெரிவதில்லை.

பெற்றோருக்கு இது சொல்வது ஒன்றுதான். 'அரசு விதிப்படி நடத்துறோம்' என்ற பதில், கைக்குழந்தையைப் பொறுத்தவரை போதுமான பதில் இல்லை.

ஒரே முகம் ஏன் முக்கியம்?

எண்ணிக்கைக்கு அடுத்தது, யார் என்பது. இங்கிலாந்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் 'இவர்தான் உன் பொறுப்பாளர்' என்று ஒருவரைக் குறித்துக் கொடுப்பது கட்டாயம். அந்தக் குழந்தை எப்போது தூங்கும், எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம், 'மம்மு' என்றால் சாதமா தண்ணீரா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பெற்றோர் பேச வேண்டியதும் அவரிடம்தான்.

சேர்க்கும் முறையும் இதை ஒட்டியே இருக்க வேண்டும். ஜெர்மனியில் பரவலாகப் பின்பற்றப்படும் 'பெர்லின் முறை'யில், முதல் மூன்று நாள் பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு அங்கேயே இருப்பார். பிரித்துப் பார்க்கும் முதல் முயற்சி நான்காவது நாளில்தான், அதுவும் சில நிமிடங்கள். பிறகு மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுவார்கள். நம் ஊரில் திங்கள்கிழமை ஆபீஸ், திங்கள்கிழமையே டே கேர் என்று ஆரம்பிப்பவர்கள் அதிகம். விடுப்பு முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க முடிந்தால், குழந்தைக்கும் பெற்றோருக்கும் அது பெரிய உதவி.

பணியாளர்கள் மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தால் இது எதுவுமே நடக்காது. அவர்கள் ஏன் மாறுகிறார்கள்? பெரும்பாலும் சம்பளம்தான் காரணம். குழந்தை பார்க்கும் வேலையை 'பெண்களுக்கு இயல்பா வர்றதுதானே' என்று நினைக்கும் சமூகம், அதற்குத் திறமையான வேலைக்குரிய கூலியைக் கொடுப்பதில்லை. அரசுத் திட்டங்களில்கூட அங்கன்வாடி, கிரெச் பணியாளர்களுக்குக் கொடுப்பதன் பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம்.

டே கேரில் விட்டால் பாசம் குறைந்துவிடுமா?

அம்மாக்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ளும் கேள்வி இது. "அந்தக் காலத்துல நாங்கல்லாம்..." என்று ஆரம்பிக்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் தேசியக் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனம் 1991-ல் தொடங்கி, பத்து இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது.

டே கேரில் விடுவதால் மட்டுமே அம்மாவுக்கும் குழந்தைக்குமான பிணைப்பு கெடுவதில்லை என்று அதில் தெரியவந்தது. குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிப்பதில் வீட்டுச் சூழலுக்குத்தான் கூடுதல் பங்கு. தரமான பராமரிப்பு கிடைத்த குழந்தைகளின் மொழித் திறனும் சிந்தனைத் திறனும் ஓரளவு மேம்பட்டிருந்தன. அதே சமயம், மிக நீண்ட நேரம் பராமரிப்பு மையங்களில் இருந்த குழந்தைகளிடம் முரட்டுத்தனம் போன்ற நடத்தைச் சிக்கல்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

சுருக்கமாக, 'விடலாமா, கூடாதா' என்பதைவிட 'எப்படிப்பட்ட இடம், எத்தனை மணி நேரம்' என்ற கேள்விக்குத்தான் ஆய்வில் பதில் இருக்கிறது. அந்த மணி நேரத்தைக் குறைப்பது அம்மாவின் வேலை மட்டும் இல்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுள்ளவர்களில் வீட்டில் பராமரிப்பு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சுமார் 140 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் சுமார் 74 நிமிடம். ஐந்தரைக்கு அப்பா போய் அழைத்து வந்தால், ஏழு மணிக்கு அம்மா வரும்வரை குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை.

சிசிடிவியும் ஆப்பும் போதுமா?

சிசிடிவி வேண்டும். அடி, அலட்சியம், தகாத தொடுதல் போன்றவற்றைத் தடுப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். பாலியல் குற்றம் என்றால் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது.

ஆனால், கேமரா காட்டுவது கையை மட்டும்தான். பெரும்பாலான நேரடி ஒளிபரப்பில் சத்தம் கேட்காது. அறை சுத்தமாக இருக்கிறது, குழந்தைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் அழவில்லை என்று போனில் தெரியும். யாரும் அவர்களோடு பேசவில்லை என்பது தெரியாது. 'எவ்வளவு சமத்தா உட்கார்ந்திருக்காங்க' என்று தோன்றும் காட்சி, கொஞ்சம் யோசிக்க வேண்டிய காட்சியாகவும் இருக்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தைகள் இயல்பாக அப்படி உட்கார மாட்டார்கள்.

தினசரி ஆப் அறிக்கையும் அப்படித்தான். 'சாப்பாடு: முக்கால் கிண்ணம், தூக்கம்: 1 மணி 20 நிமிடம்' என்ற தகவல் தேவைதான். அதோடு 'இன்னைக்குக் காக்காவைப் பார்த்து கா கா சொன்னான்' என்று ஒரு வரி வந்தால், யாரோ ஒருவர் அவனைக் கவனித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ரைம்ஸ், ஆங்கிலம், எழுத்து: எப்போது?

பெற்றோரின் அழுத்தமும் இங்கே உண்டு. மூன்று வயதில் 'ஏ' எழுதவில்லை என்றால் டே கேரை மாற்றும் வீடுகள் இருக்கின்றன. அதனால் நடத்துபவர்களும் புள்ளி இணைக்கும் தாள், பென்சில், ஹோம்வொர்க் என்று இறங்கிவிடுகிறார்கள்.

2022-ல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வரைவு, 3 முதல் 8 வயது வரையான கற்றலை விளையாட்டு வழியாகவும் தாய்மொழியிலும் அமைக்கச் சொல்கிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசு 2024-ல் 'நவ்சேத்னா' என்ற தனி வழிகாட்டியை வெளியிட்டது. பிறந்தது முதல் 36 மாதம் வரை, மாத வாரியாகப் பேசுவது, பாடுவது, விளையாடுவது போன்ற செயல்பாடுகள்தான் அதில் இருக்கின்றன. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'.

பென்சில் பிடிக்க விரலில் பலம் வேண்டும். அந்தப் பலம் மாவு பிசைவதிலும், காகிதம் கிழிப்பதிலும், பட்டாணி உரிப்பதிலும் வருகிறது. மொழியும் அப்படியே. பராமரிப்பவருக்கு எந்த மொழி சரளமாக வருமோ, அதில் நிறையப் பேசுவதுதான் குழந்தைக்கு லாபம். 'கம் பேபி, சிட் பேபி' என்ற நான்கு வார்த்தை ஆங்கிலத்தைவிட, "மழை வருது பாரு, துணியெல்லாம் நனையப் போகுது, ஓடு ஓடு" என்ற தமிழில் சொல்வளம் அதிகம்.

கிரெச் இல்லாத வேலைகளில் இருப்பவர்கள்?

50 பேர் விதி, சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் எளிதில் உதவுகிறது. வீட்டு வேலை, கட்டட வேலை, கடை வேலை, டெலிவரி வேலை பார்ப்பவர்களின் குழந்தைகளுக்கு?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் கிரெச் வேண்டும் என்றது. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1996-ம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் எல்லாவற்றிலும் இந்த விதி வந்தது. நடைமுறைக்கு வந்தது எவ்வளவு என்பது, பாதி கட்டிய அடுக்குமாடிகளின் மணல் குவியல் மேல் விளையாடும் குழந்தைகளைப் பார்த்தாலே தெரியும். டெல்லியில் 1969-ல் அப்படி ஒரு கட்டுமான இடத்தில் குழந்தைகளைப் பார்த்த மீரா மகாதேவன், அங்கேயே ஒரு கூடாரம் போட்டு ஆரம்பித்ததுதான் இன்றும் இயங்கும் 'மொபைல் கிரெச்சஸ்' அமைப்பு.

மத்திய அரசின் தேசிய கிரெச் திட்டம் 2022-ல் 'மிஷன் சக்தி'யின் கீழ் 'பால்னா' என்று மாறியது. ஏற்கெனவே இருக்கும் அங்கன்வாடியோடு கிரெச்சையும் சேர்த்து நடத்துவது இதன் புதிய யோசனை. நாடு முழுவதும் 17,000 மையங்கள் என்பது இலக்கு. பக்கத்து மாநிலமான கர்நாடகம், 100 நாள் வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்காக 'கூசின மனெ' என்ற பெயரில் 4,000 ஊராட்சிகளில் கிரெச் தொடங்கும் திட்டத்தை 2023-24-ல் அறிவித்தது.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கட்டடம், சமையல், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பணியாளர் எல்லாமே இருக்கும் பெரிய வலைப்பின்னல் இது. மாலை வரை திறந்திருக்கவும், கைக்குழந்தைகளைச் சேர்க்கவும் கூடுதல் ஆள் தேவை. ஏற்கெனவே சமையல், பதிவேடு, செல்போன் செயலியில் தகவல் ஏற்றுவது என்று ஓடிக்கொண்டிருக்கும் அதே இரண்டு பேர் தலையில் இதையும் வைத்தால், கிரெச் பெயரளவில்தான் இருக்கும்.

சேர்க்கும் முன் என்ன பார்க்கலாம்?

1. முன்னறிவிப்பு இல்லாமல் பகல் 11 மணி வாக்கில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெற்றோரை உள்ளே விடவே மாட்டோம் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

2. மொத்தம் எத்தனை பணியாளர் என்று கேட்காதீர்கள். "என் குழந்தை வயசுல எத்தனை பேர்? அவங்களை எத்தனை பேர் பார்த்துக்கிறீங்க?" என்று கேளுங்கள். மதிய உணவு இடைவேளையில் யார் இருப்பார்கள் என்பதையும்.

3. அங்கே வேலை பார்ப்பவர்கள் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்று அவர்களிடமே பேச்சு வாக்கில் விசாரியுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இருந்தால் நல்ல அறிகுறி.

4. ஐந்து நிமிடம் அமைதியாக நின்று காதைக் கொடுங்கள். பெரியவர்கள் குழந்தைகளோடு பேசுகிறார்களா, குழந்தைகளைப் பற்றித் தங்களுக்குள் பேசுகிறார்களா? அழும் குழந்தையிடம் எவ்வளவு நேரத்தில் போகிறார்கள்?

5. டயப்பர் மாற்றும் இடம், கை கழுவும் இடம், சமைக்கும் இடம் மூன்றும் தள்ளித் தள்ளி இருக்கின்றனவா? காய்ச்சல் வந்த குழந்தைக்கு என்ன விதி? முதல் சில மாதங்களில் சளி, காய்ச்சல் அடிக்கடி வருவது சகஜம். அதற்கான லீவையும் பெற்றோர் இருவரும் பிரித்துத் திட்டமிட வேண்டும்.

6. முதல் வாரம் கூட உட்கார அனுமதி உண்டா?

இந்த ஆறில் ஒன்றுகூட ஏசியைப் பற்றியோ சுவரில் வரைந்த மிக்கி மவுஸைப் பற்றியோ இல்லை. எல்லாமே ஆட்களைப் பற்றியவை. நல்ல ஆட்களைப் போதுமான எண்ணிக்கையில் வைத்தால் கட்டணம் கூடும். அதைப் பெற்றோர் மட்டும் சுமப்பதா, நிறுவனமும் அரசும் பங்கு போடுவதா என்பதுதான் அடுத்து வரும் விவாதம். 26 வார விடுப்பு தந்துவிட்டு 27-வது வாரத்தைக் குடும்பத்திடமே விட்டால், அந்த வாரத்தில் வேலையை விடுவது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருப்பார்.

அதுவரை, மாலையில் அழைத்து வரும்போது பெற்றோர் ஒரு கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். "இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க?" என்பதற்குப் பதில், "இன்னைக்கு இவ என்ன சொன்னா?" என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொல்லும் ஓர் அக்கா அங்கே இருந்தால், குழந்தை சரியான இடத்தில் இருக்கிறது.